சுற்றிவர முடியாத மலை

ஆஸ்பத்திரியில் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் என்று ஆவூரிலிருந்து அண்ணன் போன் செய்தபோது நான் லடாக்கில், லே நகரத்தில் இருந்தேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கையில் கிடைத்த துணியைப் பையில் திணித்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினேன். வானம் மூடிவிட்டது, விமானம் இல்லை என்றார்கள். ஸ்ரீநகருக்குப் போகும் கணவாய் பனியில் அடைபட்டுக் கிடந்தது. மணாலி சாலையைக் குளிர்காலம் வந்ததுமே மூடிவிட்டார்கள். வேறு வழி கிடையாது.

இந்தியாவின் வடக்கு அரண் இமயமலை என்று எத்தனை வருடம் போர்டில் எழுதிப் போட்டிருப்பேன். குளிர்காற்றைத் தடுக்கிறது, மழை மேகத்தைத் தடுக்கிறது, பகைவரைத் தடுக்கிறது. மனப்பாடம் செய்தால் முழு மதிப்பெண். அரணுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மாட்டிக்கொண்டால் என்ன செய்வாள் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அன்றைக்கு அந்த மலைகளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் பொங்கியது. நாசமாய்ப் போக என்று வாய்விட்டே திட்டினேன். வாசலில் நின்ற சிப்பாய்க்குத் தமிழ் தெரியவில்லை. பாவம், தண்ணீர் வேண்டுமா என்று இந்தியில் கேட்டான்.

அண்ணனுக்கு என் நிலைமை புரியவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் மலை என்றால் விராலிமலை, நார்த்தாமலை. பெரிய பாறைகள், அவ்வளவுதான். காலையில் ஏறினால் இட்லி ஆறுவதற்குள் இறங்கிவிடலாம். ஏற முடியாதவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள்.

"ஏம்மா, மலைதானே? அங்கிட்டுச் சுத்தி வரக்கூடாதா? காசு போனாப் போகுது, ஒரு காரு புடிச்சு வா" என்றான்.

இந்த மலையைச் சுற்றுவதென்றால் வேறு நாட்டுக்குள்தான் போக வேண்டும் என்றேன்.

மறுநாளும் விமானம் இல்லை. சாயங்காலம் அண்ணன் மறுபடி கூப்பிட்டான். அம்மாவுக்குப் பால்கூடத் தொண்டையில் இறங்கவில்லையாம். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தும் ஒரே கேள்வியைக் குழறிக்கொண்டே இருக்கிறாளாம். மலை இறங்கிவிட்டாளா, மலை இறங்கிவிட்டாளா.

"கெடந்து அல்லாடுறாங்க, பாக்க முடியல. எறங்கிட்டன்னு சொல்லிரட்டுமா?"

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா உயிரோடு கிடந்தாள். பதில் கிடைத்தால் பிடியை விட்டுவிடுவாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. இன்னும் ஒரு நாள் தாக்குப்பிடிக்கமாட்டாளா என்று கெஞ்சத் தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே பனி நிற்கவே இல்லை.

"சொல்லுண்ணே. திருச்சி வந்துட்டேன்னு சொல்லு" என்றேன்.

விடிவதற்குள் அம்மா போய்விட்டாள். ஐஸ் பெட்டியில் வைத்து எனக்காகக் காத்திருந்தார்கள். எப்போது கிளம்புவேன் என்று என்னாலேயே சொல்ல முடியாதபோது, எடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். அதற்கு மறுநாள் வானம் வெளுத்தது. விமானம் ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தேன். ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் மலையெல்லாம் முடிந்து சமவெளி வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அழுதேன். அதன் பிறகு கங்கைச் சமவெளி, விந்தியம், தக்காணம் எதையும் நான் பார்க்கவில்லை.

ஆவூருக்குப் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மாலைகள் வாடிக் கிடந்தன. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனேன். மேடையில் ஒரு கிண்ணம் தட்டுப் போட்டு மூடியிருந்தது. திறந்தேன். சோறு ஊசிப்போய் நாறியது. இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று அண்ணியைக் கேட்டேன்.

"நீ திருச்சி வந்துட்டன்னு சொன்னதும், பசியோட வருவா, சோறு எடுத்து வையின்னாங்க அத்தை. அவங்க கண்ணு முன்னாலதான் போட்டு வச்சேன். ஒனக்குன்னு வச்சத நான் எப்படிக் கொட்டுறது?"

கிண்ணத்தைக் கொல்லைக்குக் கொண்டுபோய் நான்தான் கொட்டினேன்.