விதைத்த காட்டில் ஒரு வரிசைக் காலடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நான். இயற்பியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக்கொடுத்தவள். என் மாமியார் வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளைக்குச் சுற்றிப்போடும்போது பக்கத்தில் நின்று தலையாட்டுவேனே தவிர மனதுக்குள் ஒட்டாது. அதனால் இதைப் படித்துவிட்டு, பிள்ளை பெற்றவளுக்கு ஆயிரம் மனக்குழப்பம், அசதியில் கண் அசந்திருப்பாள் என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வராது. முதல் ஆறு மாதம் நானே எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மகள் யாழினிக்கு அப்போது ஒரு வயது ஏழு மாதம். நடக்கவில்லை. பிடித்து நிறுத்தினால் கால் துவண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள், தவழ்வதுகூடக் கொஞ்ச தூரம்தான். கோவில்பட்டி டாக்டர் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, மூன்றாவது முறை மதுரைக்கு எழுதிக் கொடுத்தார், மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று. கணவர் ஓமனில் இருக்கிறார். மாமா காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அத்தை என்னைத் திட்டியதே இல்லை, எதிர்வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் ஓடியதை மட்டும் தினம் ஒரு தடவை சொல்லுவார். பிள்ளை அடியெடுத்து வைக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்க வேண்டும் என்று முத்து வைத்த கொலுசு வாங்கிப் போட்டதும் அவர்தான். அது கேட்கவே இல்லை. உட்கார்ந்த இடத்தில் காலை உதறும்போது மட்டும் கலகலவென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

ஸ்கேனுக்கு நாள் குறித்திருந்த வாரத்துக்கு முந்தைய வாரம் ஆயுத பூஜையோடு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்தது. என் கல்லூரி விடுதித் தோழிகள் பவித்ராவும் சுகன்யாவும் சென்னையிலிருந்து காரில் கிளம்பி வந்தார்கள். வல்லநாட்டில் வெளிமான் பார்ப்பது, ராத்திரி திருநெல்வேலியில் தங்குவது, மறுநாள் முண்டந்துறைக் காடு என்று திட்டம். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். கணவர் போனில், போயிட்டு வா, உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும் என்றார். அத்தை பிள்ளையின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லாததே எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

நாலுவழிச் சாலையில் பார்க்க என்ன இருக்கிறது, கடம்பூரில் போளி வாங்கிக்கொண்டு உள்ரோடு வழியாகவே வல்லநாட்டுக்குப் போய்விடலாம் என்றாள் பவித்ரா. அவள் கார், அவள்தான் ஓட்டினாள். முன் இருக்கையில் சுகன்யா. பின்னால் நானும் பிள்ளையும் பைகளும். அவர்கள் பேசிக்கொண்டு வந்ததெல்லாம் அவர்கள் ஆபீஸ் கதை, எனக்குத் தெரியாத பெயர்கள், சிரிப்பு வரும்போது நானும் சிரித்துக்கொண்டேன். ஆறு வருடம் முன்பு மூவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இப்போது கண்ணாடியில் என் முகம் தெரியும்போது மட்டும் அவர்களுக்கு என் ஞாபகம் வந்தது மாதிரி இருந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, நான்தான் பேச ஒன்றும் வைத்திருக்கவில்லை.

பிள்ளைக்காக ஏற்கெனவே இரண்டு தடவை வண்டியை நிறுத்தியாகிவிட்டது. கடம்பூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டயப்பர் கசிந்து என் மடியெல்லாம் நனைந்தது. மூன்றாவது தடவையாகக் கேட்டேன்.

"ஏட்டி மகா, உன் மக நம்மள மான் பாக்க விடமாட்டா போல," என்றாள் சுகன்யா. கேலிதான். எனக்குத்தான் சுருக்கென்றது.

பவித்ரா சாலையைவிட்டு இடதுபக்கம் ஒதுக்கினாள். காலையில் நல்ல மழை பெய்திருந்தது. மேலாகப் பார்த்தால் தரை காய்ந்து இறுகிய மாதிரி மட்டமாக இருந்தது. நான் இந்த மண்ணில் பிறந்தவள். மழை பெய்த கரிசலில் மாட்டு வண்டியையே இறக்கமாட்டார்கள் என்பது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இறக்காதே என்ற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது. மூன்றாவது தடவையாக நிறுத்தச் சொல்லிவிட்டு, இங்கே வேண்டாம் அங்கே நிறுத்து என்று வேறு சொல்வதா என்று விழுங்கிவிட்டேன். இன்றுவரை அந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இடதுபக்க டயர் இரண்டும் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கின. பவித்ரா ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கிப் பாதிச் சக்கரம் மறைந்தது. போனில் ஒரு புள்ளி சிக்னல் இல்லை. ஒரு மைல் தள்ளி நாலைந்து ஓட்டு வீடுகள் தெரிந்தன. டிராக்டர் கூட்டி வருவதாக அவர்கள் இருவரும் கிளம்பினார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு நீ எங்கே நடப்பாய், இங்கேயே இரு என்றார்கள். நியாயம்தான். அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போவது கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

மணி நாலு இருக்கும். பேய்க்கதை நேரமே இல்லை, நல்ல வெளிச்சம். ஆனால் அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன்பு அனுபவித்ததில்லை. இரண்டு பக்கமும் உழுது விதைத்த காடு, கறுப்பு மட்டும்தான், ஒரு முளைகூட இன்னும் வரவில்லை. தூரத்தில் காற்றாலைகள் வரிசையாக நின்றன, ஒன்றுகூடச் சுற்றவில்லை. இடதுபக்கக் காட்டுக்குள், கார் நின்ற இடத்திலிருந்து நூறு எட்டு தள்ளி ஒற்றை உடைமரம். அதைச் சுற்றி மட்டும் வட்டமாக உழாமல் விட்டிருந்தார்கள்.

பிள்ளைக்கு டயப்பர் மாற்றினேன். புழுக்கம் தாங்காமல் இடதுபக்கக் கதவைத் திறந்து வைத்து, அவளைப் பின் இருக்கையில் உட்கார வைத்து, விழாமல் இருக்கப் பைகளை அணையாக வைத்தேன். சும்மா இருக்க முடியவில்லை. என்னால்தானே இவ்வளவும். டயருக்கு அடியில் கொடுக்கலாம் என்று சாலையின் எதிர்ப்பக்கம் போய்க் கல் பொறுக்கினேன். அம்மா இங்கேதான் இருக்கேன், அம்மா இங்கேதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். பத்து நிமிடம்கூட இருக்கலாம். திரும்பித் திரும்பிப் பார்த்தேன், கார் கண்ணாடி வழியாக அவள் உச்சந்தலை தெரிந்தது. ஒரு தடவை தெரியவில்லை. சாய்ந்து படுத்திருப்பாள் என்று நினைத்தேன். ஏன் அப்போதே போய்ப் பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள். என்னை நானே கேட்டு அலுத்துவிட்டேன்.

அப்போதுதான் கொலுசுச் சத்தம் கேட்டது. கால் உதறும் சத்தம் எனக்குத் தெரியும், அது கலகலவென்று ஒன்றாக வரும். இது அப்படியில்லை. ஜல், ஒரு சின்ன இடைவெளி, மறுபடி ஜல், மறுபடி இடைவெளி. எட்டு எடுத்து வைக்கும் சத்தம். ஒரு வருடமாக நான் காத்துக்கொண்டிருந்த சத்தம், எப்படித் தெரியாமல் போகும். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், எனக்குத் துளி பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. காருக்குள் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் திரும்பினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ என்று, கல்லைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே, மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் மெதுவாக நெருங்கி வந்து நின்றது. அது காருக்குள்ளிருந்து வரவில்லை, தூரத்திலிருந்து காரை நோக்கி வந்தது என்பது நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். யாழினி இருக்கையின் விளிம்பில், கதவுப் பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அணையாக வைத்த பைகள் வைத்தபடி இருந்தன. அவளுடைய இரண்டு காலும் கணுக்கால் வரைக்கும் ஈரக் கரிசல் அப்பியிருந்தது. என்னைப் பார்த்து அழவில்லை, சிரிக்கவில்லை. பார்த்தாள்.

காட்டில் சின்னச் சின்னக் காலடிகள். ஐந்து விரலும் பதிந்து, குதிகால் குழியில் ஊற்றுத் தண்ணீர் கட்டியிருந்தது. உடைமரத்தடியிலிருந்து நேராகக் கார்க் கதவு வரைக்கும் ஒரே வரிசை. கார்ப்பக்கமிருந்து மரத்துக்குப் போன காலடி ஒன்றுகூட இல்லை. இல்லையா என்று மூன்று தடவை பார்த்தேன். புதிதாக விதைத்த காடு, வேறு எந்தத் தடமும் இல்லை, ஆள் தடம், ஆட்டுத் தடம், எதுவும். வந்த தடம் மட்டும் இருந்தது.

நான் செய்த காரியம் என்ன தெரியுமா. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி அவள் காலைக் கழுவி, துண்டால் துடைத்து, அந்தத் துண்டைக் கேரி பேக்கில் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டேன். தோழிகள் வந்து பார்த்தால் பிள்ளையை இப்படியா விட்டாய் என்பார்களே என்ற ஒரே நினைப்புதான்.

டிராக்டரோடு வந்த அண்ணாச்சிக்கு ஐம்பது வயது இருக்கும், அவருடைய காடுதான் அது. வண்டியைவிட்டு இறங்கியதும் அவர் பார்த்தது காரை அல்ல.

"ஏம்மா, நேத்துத்தான் விதைச்சிருக்கு. பிள்ளைய இதுக்குள்ள நடக்க விட்டியளாக்கும்?"

"அது இன்னும் நடக்காது அண்ணாச்சி," என்றாள் சுகன்யா.

அவர் குனிந்து தடத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு என் இடுப்பில் இருந்த பிள்ளையின் காலைப் பார்த்தார். சங்கிலி மாட்டிக் காரை இழுத்துவிட்டார். கிளம்பும் சமயம் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினார்.

"பிள்ள கால்ல ஒட்டுன மண்ண இங்கனயே வழிச்சுப் போட்டுட்டுப் போங்கம்மா."

எங்கள் பக்கம் காட்டைவிட்டு ஏறும்போது எல்லோரும் செய்வதுதான் அது. கரிசல் காலோடு அப்பிக்கொண்டு வரும், வரப்பிலேயே வழித்துப் போட்டுவிட்டு வருவார்கள், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொன்ன விதம் அப்படியில்லை.

"கழுவிட்டேன் அண்ணாச்சி."

"தொடச்ச துணி?"

பவித்ரா காருக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டோரம் ஒரு சிரிப்பு. "தூரப் போட்டுட்டேன்," என்று பொய் சொன்னேன்.

அவர் மரத்துப் பக்கம் திரும்பினார். "அந்த மரத்தடிய நாங்க உழுறதில்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அன்று வல்லநாட்டுக்குப் போக நேரமாகிவிட்டது, நேராகத் திருநெல்வேலி போய்த் தங்கினோம். மறுநாள் காலை வல்லநாட்டுச் சரணாலயத்தில் தூரத்தில் மான் கூட்டம் நின்றது. படம் எடுப்பதற்காகப் பிள்ளையை ஒரு நிமிடம் கீழே இறக்கினேன். அவள் எழுந்து நின்றாள். நடந்தாள். முதல் எட்டு வைக்கும் பிள்ளை தள்ளாடும், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு விழப்போகும். அவள் அப்படி நடக்கவில்லை, ரொம்ப நாளாக நடந்து பழகிய பிள்ளை மாதிரி நேராக நடந்தாள். சுகன்யா கத்திவிட்டாள், பவித்ரா வீடியோ எடுத்தாள். அதைப் பார்த்துக் கணவர் போனிலேயே அழுதார். எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நானும் அழுதேன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்க்கண் பட்டுவிடும், பிள்ளை காலடி மண் எடுத்து வா என்றார். எங்கள் தெரு முழுக்க சிமெண்ட் ரோடு, மண்ணுக்கு எங்கே போவது. நான் ஒன்றும் யோசிக்காமல் அந்தத் துண்டில் காய்ந்திருந்த கரிசலை உதிர்த்துக் கொடுத்தேன். அவர் அதை வற்றல் மிளகாய், உப்போடு சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டார். ஆறு மிளகாய் எரிந்தது. ஒருவருக்கும் இருமல் வரவில்லை, துளி நெடி இல்லை.

"பாத்தியா, எம்புட்டுக் கண்ணு பட்டிருக்குன்னு," என்றார் அத்தை சந்தோஷமாக.

மதுரைக்குப் போகவில்லை. இப்போது யாழினிக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது, தெருவில் அவள்தான் வேகமாக ஓடுகிறாள். கொலுசு முத்துக்குள் மண் அடைத்துக்கொண்டதால் இடதுகாலில் மட்டும் சத்தம் வராது, தட்டான் ஊசி வைத்துக் குத்திப் பார்த்தும் போகவில்லை. சாப்பிடுகிறாள், பேசுகிறாள், ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் மகள்தான், அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் ஓட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாணம். அத்தைக்கு மூட்டுவலி, நானும் பிள்ளையும் மட்டும் பஸ்ஸில் போனோம். அதே வழி. அந்த இடம் வரப்போவது எனக்குத் தெரியும், நான் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழினி சன்னலோரம், என் மடியில்.

"அம்மா, அங்கன பாப்பா உக்காந்திருக்கு."

அவளே சொன்னாள், மரத்துக்குக் கீழே என்று. கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு நடக்கத் தெரியாதுல்ல," என்றாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் தாண்டிப் போய்விட்டது. பார்த்திருந்தால் அங்கே ஒன்றும் இருந்திருக்காது, ஒரு வெறும் உடைமரம்தான், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் முன் சீட்டுக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட.

இப்போது மழைக்காலம் தொடங்கிவிட்டது. சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுத்து, சன்னலைச் சாத்தி, யாழினிக்கு ஸ்வெட்டர் மாட்டிவிட்டு மடியில் வைத்துக்கொள்கிறேன். அவள் உடம்பு நல்ல கதகதப்பாக இருக்கும். வெளியே மழை பலக்கும்போது, எழுந்து போய் யாரையோ உள்ளே தூக்கி வர மறந்துவிட்டது போல, அவளை இறக்கிவிட்டு வாசல் வரைக்கும் போய்விடுகிறேன்.