எல்லாம் அடுத்த தெருவுலதானுங்க

கலவரத்தை ஆராய்ச்சி செய்கிற தொழிலில் முதலில் சேதமாவது வயிறுதான். அரசியல் வன்முறை, அதற்கு அரசாங்கம் எடுத்த நடவடிக்கை என்று என் தலைப்பு பெரிசாக இருக்கும். நடப்பது என்னவோ வீடு வீடாகப் போய் டீ குடிப்பதுதான். கோயமுத்தூரில் ஒருத்தரும் "பேச மாட்டேன், போ" என்று முகத்திலடித்த மாதிரி சொல்ல மாட்டார்கள். உட்கார வைத்து, தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து, ஒன்றுமே சொல்லாமல் வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். யாரிடமாவது கேள்வி கேட்டுப் பிழைக்கிறவர் நீங்களும் என்றால், இந்த மரியாதையிடம் கண்டிப்பாக மாட்டியிருப்பீர்கள்.

நாலு தெரு

டவுன்ஹால் பக்கத்தில் நாலு தெரு. நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் அங்கே கலவரம் நடந்ததும், ஊரடங்கு போட்டதும், போலீஸ் வேன் வேனாக ஆட்களை அள்ளிக்கொண்டு போனதும் ஊருக்கே தெரியும். முதல் தெருவில் பைக் கடை, அதாவது ஸ்கூல் பை விற்கிற கடை. கடைக்காரரிடம் கேட்டேன். "எங்க தெருவுல ஒண்ணுமே நடக்கலீங்க அம்மணி. எல்லாம் அடுத்த தெருவுலதானுங்க" என்றார். அடுத்த தெருவில் பாத்திரக் கடைக்காரர் அதையே சொல்லி அதற்கடுத்த தெருவுக்குக் கை காட்டினார். அங்கே ஒரு டீ, அதற்கடுத்த தெருவில் ஒரு டீ. கடைசியாக அத்தர் கடைக்காரர் காட்டிய வழியில் போய்த் திரும்பினால், அட கடவுளே, மறுபடியும் அதே பைக் கடை!

வெயிலில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே ஒரு கலவரம் பண்ணியிருப்பேன். கடைக்காரருக்கோ வாய்கொள்ளாத சிரிப்பு. "சுத்திப்போட்டு வந்துட்டீங்களா அம்மணி? உக்காருங்க, டீ சொல்றேன்."

எல்லைக்குள்ளே

சரி, அரசாங்கத் தரப்பையே கேட்போம் என்று அவிநாசிக்குப் போனேன். அந்தச் சமயத்தில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். மனுசனுக்கு ஒரே வாயில் இரண்டு தமிழ். தோப்பைப் பற்றிக் கேட்டால், "இந்த வருசம் வெள்ளை ஈ வந்து நாசம் பண்ணிப்போட்டதுங்க" என்று மனசார அழுவார். எத்தனை பேரைப் பிடித்தீர்கள் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து, "சந்தேகத்தின் பேரில் சிலர் விசாரணைக்கு அழைத்து வரப்பட்டார்கள்" என்பார்.

"சிலர்னா எத்தனை பேருங்க? குற்றமில்லாதவங்களும் அதுல இருந்தாங்கதானே?" என்று விடாமல் பிடித்தேன். அது தன் ஸ்டேஷன் எல்லைக்கு வெளியே நடந்தது என்று முடித்துவிட்டு, அரிவாளை எடுத்தார். ஒரு நிமிஷம் பகீரென்றது. அவர் நிதானமாக ஒரு காயைச் சீவி என் கையில் கொடுத்தார். "எளநி குடிங்க அம்மணி. இது எங்க எல்லைக்குள்ளயே காய்ச்சதுங்க."

ஆவிகள்

எப்படியோ என் புத்தகத்துக்கு, போலீஸ் ஆள் பிடித்ததைப் பற்றிய அத்தியாயத்தை எழுதி, எங்கள் காலேஜில் எனக்கு மூத்த பேராசிரியரிடம் காட்டினேன். ஒருத்தராவது சொந்தப் பெயரில் சாட்சி சொல்லாவிட்டால் இந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். எடுத்துவிட்டால் புத்தகத்தில் மிச்சமிருப்பது அட்டைதான். நான் சண்டைக்குப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், பெயர் சொல்ல விரும்பாத இன்னொருவர். ஏனுங்க மேடம், போலீஸ் புடிச்சுட்டுப் போனது மனுசங்களையா, ஆவிகளையாங்க?"

தையல் மெஷின்

ஆள் இல்லாமலில்லை. இரண்டாவது தெருவில் யூசுப் பாய், டெய்லர். தைத்துக்கொண்டிருந்தவரை அப்படியே எழுப்பிக்கொண்டு போனார்கள். பல வருசம் உள்ளே இருந்தார். குற்றமில்லை என்று கோர்ட் விட்டுவிட்டது. பிடித்தது பேப்பரில் வந்த அளவுக்கு விட்டது வரவில்லை. அவர் வீட்டுக்குப் போனபோது, நான் வாயைத் திறக்குமுன் அவர் மனைவி பாத்திமா அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். மகளுக்குச் சோமனூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், தறி ஓட்டுகிற குடும்பம், அவர்களிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. புத்தகத்தில் பெயர் வந்தால் சம்பந்தம் போய்விடும்.

முன்னறையில் பாய் மெஷின் ஓட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அம்மா சொன்னதைக் கேட்டபின் என் அத்தியாயம் எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினார். "ஆராச்சும் கேட்டா, அடுத்த தெருன்னு சொல்லிப்போடுங்க அம்மணி."

இதே தெரு

கொஞ்ச நாள் கழித்து பாய் காலேஜுக்கே வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்களாம். "அந்தக் கலவரத்துல உங்களுக்கு எதும் தொந்தரவுங்களா?" என்று பையனின் அப்பா கேட்க, அக்கா பட்டென்று, "எங்க தெருவுல ஒண்ணுமில்லீங்க, எல்லாம் அடுத்த தெருவுலதான்" என்றிருக்கிறார். "நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன் மேடம்" என்றார் பாய். அதற்குமேல் தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். வந்தவர்கள் டீயை மிச்சம் வைக்காமல் குடித்து, "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். அப்புறம் போனே இல்லை.

"பொண்ணு வாழ்க்கை, பாய். யோசிச்சுக்கோங்க" என்றேன். அவர் தலையாட்டினார். "எம்பொண்ணேதானுங்க என்னை அனுப்பிச்சா. அத்தா, மறைச்சுக் கட்டி வெச்சா, நீங்க எங்கூட்டுக்கு வர்றப்பல்லாம் பயந்துக்கிட்டே வருவீங்கன்னு சொல்லிப்போட்டா. எழுதிக்கோங்க மேடம். அடுத்த தெரு இல்லீங்க, இதே தெருதான். பேரு யூசுப்."

புத்தகம் வந்தாகிவிட்டது, சோமனூர்க்காரர்கள் இன்னும் கலந்து பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள், பைக் கடைக்காரரோ டீ சொல்லி உபசரித்து, புத்தகத்தை அடுத்த தெருவில் கொடுக்கச் சொல்கிறார்.