கரையில் வாசித்த நகைச்சுவைக் கதை

பனங்காட்டு ஊரிலிருந்து தூத்துக்குடித் துறைமுக வேலைக்கு வந்து, ஓய்வும் பெற்றவன் நான். நகைச்சுவை நூல்கள் மீது எனக்குத் தீராத பற்று. திரைப்படச் சிரிப்புக் காட்சிகளையே கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களுக்கு நல்ல நூல்களைப் பரிந்துரைப்பதை ஒரு தொண்டாகவே கருதியிருந்தேன்.

ஒருநாள் காலை கடற்கரைக்குச் சென்றேன். படகுகள் கரையில் நின்றன. ஆண்கள் மணலில் கூட்டமாக அமர்ந்திருந்தனர். வேலைநிறுத்தம் போலும் என்று எண்ணி, அவர்கள் நடுவே அமர்ந்து, மனைவிக்குப் பயந்து நெற்குதிருக்குள் ஒளிந்தவனின் கதையை உரக்க வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"சினிமா பாத்துக் கெட்ட காதுல இதெல்லாம் ஏறாதுவே!" என்று கிண்டலும் செய்தேன்.

அருகிலிருந்த படகுக்காரர் என் கையைப் பற்றினார். "அண்ணாச்சி, இந்தா இருக்காருல்லா சூசை அண்ணன், இவரு மவன் கடல்ல விழுந்து ரெண்டு நாளாச்சு. உடம்பு கெடைக்க வரைக்கும் நாங்க யாரும் தொழிலுக்குப் போவ மாட்டோம். தேடப் போன படகுக்குத்தான் காத்துக் கெடக்கோம்."

இத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்ந்தும் அவ்வழக்கத்தை நான் அறிந்திருக்கவில்லை. நூலை மூடினேன்.

சூசை கடலிலிருந்து பார்வையை எடுக்காமலேயே சொன்னார்: "வாசிங்க அண்ணாச்சி. நீங்க நிப்பாட்டுனா அலைச் சத்தம்லா கேக்கு."

மன்னிப்புக் கேட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

அறியாமல் வாசித்ததற்காக என்னை நானே மன்னித்துக்கொள்ள முடிகிறது. ஆனால், என் வாழ்நாளில் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் அவர் ஒருவரே. என் வெட்கத்தைப் பெரிதாக எண்ணி, அவரை அந்த அலைச் சத்தத்திடமே விட்டுவிட்டு வந்தேன்.