அக்கா தேடிய கடைசி நாள்

எங்கள் அக்கா கரமனையில் பிறந்து கரமனையிலேயே கண்மூடினார். இன்றோடு ஓராண்டு ஆகிறது.

சாலை கடைத்தெருவில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்த அப்பா படுத்த படுக்கையானபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. நகரின் ஓரத்தில் அன்று நடந்துவந்த ரேடியோ தொழிற்சாலையில் சேர்ந்தார். கம்பி பற்றவைக்கும் மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். தொழிற்சாலையை மூடியதும் தையல் மெஷின் வாங்கினார். அவர் குறைபட்டு நாங்கள் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், அந்தத் தொழிற்சாலைக்காகத் தொடங்கிய முகநூல் குழுவில் ஒரு படம் வந்தது. வாசலில் பெண்கள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். ‘கடைசி நாள். கண்ணீரை மறைத்த சிரிப்பு’ என்று மேலே எழுதியிருந்தது. ஊரே பகிர்ந்தது. வரிசையில் மூன்றாவதாக நின்றவர் அக்கா.

“இது கடைசி நாள் இல்லையே!” என்றவர், பக்கத்து மேசைத் தோழி ராஜம்மாளைப் போனில் கூப்பிட்டார்.

“நீ மறந்துட்டே. கடைசி நாளாக்கும் அது. அங்க நின்னு நான் அழுதது நல்ல ஓர்மை இருக்கு” என்றார் ராஜம்மாள்.

அக்கா குழம்பிப்போனார். “அவ பொய் சொல்ல மாட்டா. அப்போ எனக்குத்தான் தப்பா?”

ஒரு வாரம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னை அழைத்தார். “என் வயித்தைப் பாரு. பையன் அப்போ ஏழு மாசம்.” தொழிற்சாலை மூடியபோது அவன் ஒன்பதாம் வகுப்பு. படம், கேண்டீன் திறந்த நாளில் எடுத்தது.

படத்தைப் போட்டது பழைய ஊழியர் ஒருவரின் மகள். அக்கா அவளைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். “கேண்டீன்னு போட்டா யாரு ஆன்ட்டி பார்ப்பா?” என்றாள். அக்கா சிரித்துவிட்டார். “அப்போ நெஜமான கடைசி நாள் படம் யார்கிட்டயாவது உண்டான்னு கேளு மோளே.”

கேட்டாள். ஒருவரிடமும் இல்லை. அன்று மழை என்றார் ஒருவர். கொளுத்தும் வெயில் என்றார் இன்னொருவர். அத்தனையையும் அக்கா ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். எதையும் அடிக்கவில்லை. அந்தப் பெண் தலைப்பைத் திருத்தினாள். திருத்தியதை யாரும் அவ்வளவாகப் பகிரவில்லை.

ராஜம்மாள் வீட்டுக்கு வந்து படத்தை உற்றுப் பார்த்தார். “அப்போ நான் எங்க வச்சு அழுதேன்?”

“அழுதது நெஜமாக்கும். இடம்தான் மாறிப்போச்சு” என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிறுநீரகம் கைவிட்ட கடைசி மாதங்களில் வாரம் தவறாமல் வந்த ராஜம்மாளுக்கும், ஆஸ்பத்திரியில் உறங்காமல் உடனிருந்த மருமகளுக்கும், காரியங்களுக்கு வந்து தோள் கொடுத்த உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அக்காவைப் பற்றி நான் எழுதியதில் உங்கள் நினைவுக்கு மாறாக ஏதேனும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். கேட்க ஆவலாக இருக்கிறேன்.