சாக்கடையில் கட்டிய துணி

அந்த நாளில் திருவள்ளூர்த் தெருச் சாக்கடைகளில் துணிப் பொட்டலத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது என் வேலை. சில நாள் ஊறியதும் எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்புவோம். இளம்பிள்ளை வாதக் கிருமி அந்தத் தண்ணீரில் ஓடுகிறதா என்று அங்கே பார்ப்பார்கள்.

ஒரு தெருவில் துணியைக் காணவில்லை. அலுப்போடு மறுபடி கட்டக் குனிந்தேன். மூத்த பிள்ளைக்கு அந்த நோயில் கால் விழுந்துபோன தாய் ஒருத்தி, கைக்குழந்தையோடு ஓடிவந்தாள்.

“நீயாண்ணே கட்டுனது? எவனோ சூனியம் வச்சிக்கிறான், அதான் புள்ள கால் போச்சுன்னு கெரசின் ஊத்திக் கொளுத்திட்டேனே!”

“நல்லா இருக்கும்மா! நாத்தத்துல நின்னு நான் கட்டுறேன், நீ தீவாளி கொண்டாடுறியா? இந்தச் சின்னதுக்கும் அது வந்துடுமான்னு பாக்கத்தான் இத்த வைக்கிறோம்.”

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டி வைத்திருந்த மஞ்சள் கயிற்றையும் வேப்பிலைக் கொத்தையும் கொண்டுவந்தாள். “இத்தயும் மேல கட்டிட்டுப் போண்ணே. எவளும் தொடமாட்டா.”

கட்டினேன். யாரும் தொடவில்லை. எடுக்கப் போன அன்று சாக்கடை ஓரத்தில் அகல் எரிந்துகொண்டிருந்தது. தெருத்தெருவாகக் குனிந்து இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, தாயே, இதில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று கும்பிட்டுத்தான் அவிழ்த்தேன்.