ஜெபத்தின் நடுவில் அழுத்திய பொத்தான்

எங்கள் சபைப் பாடகர் குழுவில், கொயரில், ஆறு வருடம் தனிக்குரல் என்னுடையது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்த சின்னச் சபை அது. பழைய கீர்த்தனைகளை ஓரமாக வைத்துவிட்டு டிரம்ஸ், கிட்டார், கைதட்டல் என்று இறங்கியிருந்தோம். மற்றச் சபைப் பெரியவர்கள் எங்களை ‘டிஸ்கோ கூட்டம்’ என்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ எங்களிடம்தான் வந்தார்கள். நான் மைக்கைப் பிடித்தால் அந்த மேல்மாடியே எனக்கு எழுதிவைத்தது போல இருக்கும்.

பிறகு அவள் வந்தாள். யுத்தத்தால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கனடா விசாவுக்காக வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தாயோடு காத்திருந்தவள். வயது பத்தொன்பது. வடக்கிலிருந்து வந்தவர்கள் கையோடு வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைப் பைபிளுக்குள் செருகிக்கொண்டு, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, பயிற்சிக்கு நேரத்துக்கு வந்துவிடுவாள். பக்கத்துத் தெருவிலிருந்து பிந்தி வருவது நான்தான்.

அவள் வந்த மூன்றாவது வாரம் கொயர் மாஸ்டர் என் பாட்டில் ஒரு சரணத்தை அவளிடம் கொடுத்தார். அவள் பாடி முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. பேசாமல் நின்றார்கள். எனக்கு எப்போதும் கைதட்டியிருக்கிறார்களே தவிர, ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

“அக்கா, நான் பிழையாப் பாடினனானோ?” என்று என்னிடமே வந்து கேட்டாள்.

“நல்லாத்தான் இருந்தது. கொஞ்சம் மூக்கால வருது, அவ்வளவுதான்” என்றேன். மூக்கால் ஒன்றும் வரவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி வந்தது. எங்கள் சபைக்கு வெளியே அதுதான் முதல் மேடை. முழுப்பாட்டையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு என்னை இரண்டாம் குரல்காரரோடு நிறுத்தினார் மாஸ்டர்.

எங்கள் கீபோர்ட்காரருக்கு வெள்ளைக் கட்டைகளில் மட்டும்தான் வாசிக்க வரும். சுருதியை மாற்ற ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் விரல்கள் அதே இடத்தில் ஓட, சத்தம் மட்டும் மேலே போகும். ஆளுக்கு ஓர் எண். எனக்குப் பூச்சியம், அவளுக்கு இரண்டு.

பாட்டுக்கு முன் பாஸ்டர் ஜெபித்தார். சமாதானத்துக்காக, காணாமல் போனவர்களுக்காக, விசாவுக்குக் காத்திருப்பவர்களுக்காக என்று அது நீண்டுகொண்டே போனது. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் திறந்தேன். கை எட்டும் தூரத்தில் கீபோர்ட். இரண்டை ஐந்தாக்கினேன். உச்சத்தில் அவள் குரல் உடைந்துவிடும், மைக் திரும்பவும் என்னிடம் வந்துவிடும். அவ்வளவுதான் என் கணக்கு. ஆமென் சொன்னேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

முதல் அடியிலேயே அவள் கழுத்து நரம்பு புடைத்தது. ஒருதரம் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உச்ச இடம் வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குரல் உடையவில்லை. ஏறியது, அங்கேயே நின்றது, இன்னும் கொஞ்சம் ஏறியது. மண்டபத்தில் பாதிப்பேர் லொட்ஜ்களில் இருந்து வந்தவர்கள். ஊரிலிருந்து மாதக்கணக்காகக் கடிதம் வராதவர்கள். ஒருவர் எழுந்தார், பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள், அழுதார்கள்.

அந்தப் பாட்டால்தான் எங்களுக்குப் பெயர் வந்தது. பாட்டுக் கசட் போட்டோம். சிங்களச் சபைகள் கூப்பிட்டன. டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு ஹோட்டலில் பாடினோம், டீவியிலும் வந்தோம். எங்கே போனாலும் சுருதி ஐந்துதான். கீபோர்ட்காரர் சாட்சி சொன்னார்: “நான் ரெண்டுதான் வச்சனான். கர்த்தர்தான் கூட்டினவர்.” சபை அல்லேலூயா என்றது. நானும் சொன்னேன். வேறு என்ன செய்ய?

ஒன்றரை வருடத்தில் அவளுக்கு விசா கிடைத்தது. வழியனுப்ப லொட்ஜுக்குப் போனேன், சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல். மற்றவர்கள் படியிறங்கியதும் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, அண்டைக்கு ஜெபத்தில நானும் கண் திறந்துதான் இருந்தனான்.”

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“நீங்கள் கூட்டி வைக்காட்டி என்ர குரல் அவ்வளவு தூரம் போகுமெண்டு எனக்கே தெரிஞ்சிராது. தாங்ஸ் அக்கா.”

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கேலி என்றால் தாங்கியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு பாட்டு எனக்கு வந்தது. “தங்கச்சி, பூச்சியத்தில வைக்கவோ?” என்று கீபோர்ட்காரர் எல்லாருக்கும் கேட்க விசாரித்தார்.

“ஐஞ்சிலயே வையுங்கோ” என்றேன்.

உச்ச இடத்தில் என் குரல் கிழிந்தது. இரண்டாம் தரமும் முயன்றேன், காற்றும் கண்ணீரும்தான் வந்தன. சபையே எழுந்து மிச்சத்தைப் பாடி முடித்தது. ஆராதனை முடிய ஓர் அன்ரி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

“அவளை நினைச்சு அழுதிட்டீர், என்ன பிள்ளை?”

“ஓம் அன்ரி” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.