சாமி குத்தமும் கோர்ட்டுக் குத்தமும்

கிளை விழுந்தபோது நான் அங்கே இல்லை. மேல் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. எங்கேயோ மரம் தறிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு பொம்பளைகள் கத்தினார்கள். ஓடினேன். என் மனைவியைக் கொழுந்துச் சாக்குகளின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. அவள் அழவில்லை. என் கொழுந்தை நிறுத்துவிட்டார்களா என்று கேட்டாள்.

இடத்தைச் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும் கொட்டகையை நாங்கள் மடுவம் என்போம். எங்கள் மடுவத்துத் தகரம் முந்தின வருஷக் காற்றில் பறந்துபோனது. தோட்டத்து ஒபீசில் திரும்பப் போடவில்லை. மழைக்கு ஒதுங்க இடம் வேண்டுமே. தராசைப் பக்கத்தில் நின்ற டேர்பன்டைன் மரத்தடிக்கு மாற்றினார்கள். பெரிய மரம். நாலு பேர் கைகோர்த்தாலும் எட்டாது. அதன் அடியில்தான் முனியாண்டி கல் இருக்கிறது.

வருஷா வருஷம் அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைத்துச் சேவல் அறுப்போம். அந்த வருஷம் செய்யவில்லை. கோயில் கமிட்டியில் சண்டை. பூசைக்கு யார் முன்னால் நிற்பது என்று. கோபித்துக்கொண்டு எழுந்துபோனவர்களில் நானும் ஒருவன்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் வந்தார். என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கடைசியாக, காகே வெரத்தத என்றார். யாருடைய பிழை என்று கேட்கிறார்.

எனக்கு அப்போது ஒன்றுதான் மனதில் இருந்தது. சாமி குத்தம். அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? தெய்யாங்கே வெரத்த என்றேன். அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்படிச் சொன்னால் சாமி செய்த பிழை என்று ஆகிவிடும். அது பெரிய பாவம். சாமி குத்தம் என்றால் சாமிக்கு நாங்கள் செய்த குத்தம். அதனால் திருத்திச் சொன்னேன்.

"இல்ல சேர். அபே வெரத்த."

எங்களுடைய பிழை. அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். சரியாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கை ஆறியது. விரல் மடங்கவில்லை. ஐந்தும் விரிந்தபடி நின்றன. கொழுந்து எடுக்க விரல் வேண்டும். வேறு லேசான வேலை ஒன்றும் இல்லை என்று ஒபீசில் சொல்லிவிட்டார்கள். கொழும்பில் இன்னொரு ஒபரேஷன் செய்தால் விரல் ஓரளவு மடங்கும் என்று டாக்டர் சொன்னார். அதற்கு வசதி இல்லை. பிள்ளைகள் ஒரு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஹட்டனில் மாடியில் ஒரு சின்ன அறை. வக்கீல் சின்ன வயதுப் பெண். மிஸ் என்று கூப்பிட்டேன். அவருடைய அம்மாவும் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவராம். வழக்குப் போடலாம், வென்றால் நட்டஈடு வரும், ஒபரேஷன் செய்யலாம் என்றார். தோட்டத்தின் கவலையீனத்தைக் காட்ட வேண்டும் என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர்களுக்குக் கவலை இல்லை என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அதற்கா கேஸ்?

மிஸ் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். வேலைக்கு ஆள் வைக்கிறவனுக்கு அந்த ஆளைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமை இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டு, அதனால் ஒருவருக்கு அடிபட்டால் அது கவலையீனம். வேண்டுமென்று செய்திருக்க வேண்டியதில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலே போதும். இதை எப்படி அளப்பது என்று கேட்டேன். சட்டத்தில் ஒரு ஆள் இருக்கிறார் என்றார். கவனமான குடும்பத் தலைவர். அவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கோர்ட் பார்க்கும்.

என் மனைவி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவரு தோட்டத்துல எந்த டிவிசன் மிஸ்?" என்றாள்.

"அப்படி ஒரு ஆள் இல்லக்கா. நெனச்சிக்கிற ஆள்."

"அப்ப அவரு பூசையெல்லாம் போடுவாரா?"

நானும் அதைத்தான் யோசித்தேன். கவனமான குடும்பத் தலைவர் என்றால் கமிட்டியிலிருந்து கோபித்துக்கொண்டு எழுந்து வருவாரா?

வழக்குப் போட்ட பிறகுதான் பொலிஸ் எழுதிய தாள் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கொடுத்திருந்தார். மிஸ் வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"அண்ணே, என்ன இது? எங்க பிழைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே."

சொன்னேன். சாமி குத்தத்தை விளக்கினேன். அவருக்கு விளங்கியது. தலையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஒரு வரியால் அக்காவின் கேஸ் போய்விடலாம் என்றார். கோர்ட்டில் கேட்டால் பதட்டத்தில் சொன்னேன், சிங்களம் தெரியாது என்று சொல்லச் சொன்னார். பொய் இல்லை. முழுக்க உண்மையும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்தக் கிளை காய்ந்துபோய் ரொம்ப நாள். கங்காணி ஒபீசில் சொல்லியிருக்கிறார். வெட்ட ஆள் வந்தது. சாமி மரம், கத்தி வைக்கக்கூடாது என்று நாலு பேர் போய் மறித்தோம். நாலில் ஒருவன் நான். இதையும் மிஸ்ஸிடம் சொன்னேன். எப்போது மறித்தீர்கள் என்று கேட்டார். பிறகு எழுதிக்கொண்டார்.

எதிர்த்தரப்பு இரண்டு விதமாகச் சொன்னது. ஒன்று, அவர்களே மரத்தை வெட்டவிடவில்லை, அவர்களே பிழை என்று ஒத்துக்கொண்டார்கள். மற்றது, அன்றைக்கு அடித்த காற்று தெய்வச் செயல், அதற்கு யாரும் பொறுப்பில்லை.

தெய்வச் செயல் என்று கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. நானும் சாமி என்கிறேன். துரைமாரும் சாமி என்கிறார்கள். பிறகு எதற்குச் சண்டை? மிஸ் சொன்னார், அவர்கள் சாமி என்றால் அதற்கு யார் மேலும் பிழை இல்லை என்று அர்த்தம். நான் சாமி என்றால் என் மேல் பிழை என்று அர்த்தம். சொல் ஒன்று. நான் அதையே யோசித்துக்கொண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

தோட்டத்தில் கேலி செய்தார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒருவன் கேட்டான்.

"என்ன மாமா, முனியாண்டிக்கும் சம்மன் போயிருச்சா?"

"கையெழுத்துப் போட ஆளில்லன்னு திரும்பி வந்துருச்சு" என்றார் கங்காணி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் தாளைக் காட்டினார். சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார்.

இது உங்கள் கையெழுத்தா? ஆமாங்க. எங்களுடைய பிழை என்று சொன்னீர்களா?

மிஸ் என்னைப் பார்த்தார். என் மனைவி பின்வரிசையில் இருந்தாள். சேலைத் தலைப்பால் அந்தக் கையை மூடியிருந்தாள். பதட்டத்தில் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. பூசை போடாததும் நான். அதை இல்லை என்று சாமிக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"சொன்னேங்க" என்றேன்.

என்ன பிழை என்று நீதிபதியே கேட்டார். பூசை போடவில்லை என்றேன். தமிழில் சொல்கிறவர் நின்றுவிட்டார். சாமி குத்தத்துக்கு அவருக்கும் சிங்களம் கிடைக்கவில்லை. இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். பூசை போட்டிருந்தால் கிளை விழுந்திருக்காதா?

யோசித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"அது எனக்குத் தெரியாதுங்க. கெள விழுந்தாலும் விழுந்திருக்கும். ஆனா மடுவத்துக்குத் தகரம் இருந்திருந்தா அவ அங்க நின்னிருக்க மாட்டா."

அவர் எழுதினார். நீளமாக எழுதினார். நான் இறங்கினேன். கெட்டிக்காரத்தனமாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மனைவியிடம், நான் சொன்னது சரியா என்று கேட்டேன்.

"சாமிய மறுக்கல. அது போதும்" என்றாள். பிறகு, "ஒபரேசன் போச்சா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

அடுத்த தவணைக்கு முன்னால் தோட்டத்துப் பக்கம் சமாதானத்துக்கு வந்தது. தகரம்தான் அவர்களைப் பயமுறுத்தியது என்று மிஸ் சொன்னார். தருகிற காசு ஒபரேஷனுக்குக் காணும் என்றார். சமாதானத் தாளை வாசித்துக் காட்டினார். பொறுப்பை ஏற்காமல், நல்லெண்ணத்தில் கொடுக்கிறார்களாம்.

"குத்தமில்லேன்னா எதுக்குக் குடுக்குறாங்க?" என்றாள் மனைவி.

"இப்படித்தான்க்கா முடிப்பாங்க."

"அப்ப குத்தம் யாரோடது?"

"தாள்ல அது இல்லக்கா."

அவளுக்குப் பெயர் எழுதத் தெரியும். அன்றைக்கு இடது கைப் பெருவிரலைத்தான் வைத்தாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மடுவத்துக்கு இப்போது புதுத் தகரம் இருக்கிறது. மரத்தையும் வெட்டிவிட்டார்கள். இந்தத் தடவை யாரும் மறிக்கவில்லை. கல் வெறும் வானத்துக்குக் கீழே இருக்கிறது.

ஒபரேஷன் வருகிற மாதம். போவதற்கு முன்னால் பூசை போட வேண்டும் என்றாள். கமிட்டியைக் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான் போனோம். பொங்கல் வைத்தோம். சேவலை நான் அறுத்தேன். கற்பூரம் அவள்தான் காட்ட வேண்டும் என்று நேர்ந்திருந்தாள். தட்டை எடுத்தாள். வலது கையில் தட்டு நிற்கவில்லை. சரிந்தது. நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்றாள்.

சாமிக்கு இடது கையால் எதுவும் செய்யக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் தட்டை இடது கைக்கு மாற்றினாள். தூக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். காற்றில் கற்பூரம் சாய்ந்து எரிந்தது.

"இது குத்தமாங்க?" என்று கேட்டாள்.

மிஸ் சொன்ன அந்தக் கவனமான குடும்பத் தலைவர் அங்கே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. கற்பூரம் முடிந்துகொண்டிருந்தது.

"காட்டு" என்றேன்.